செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

சங்க உறுப்பினர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. மார்கழியில் மட்டும் ஆள் சேரவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் நேரத்தையெல்லாம் விழுங்கியது கொசஸ்தலை ஆற்றங்கரையைச் சீரமைக்கும் வேலைதான். வடிவமைப்பாளர்களின் முதல் வரைபடத்தில் நடைபாதை, கம்பி வேலி, பெஞ்சு எல்லாம் இருந்தன. ஆற்றில் இறங்கத்தான் வழி இல்லை. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குப் போட்ட படம் என்று கூட்டத்திலேயே சொன்னேன். கொஞ்சம் காரமாகவே சொல்லிவிட்டேன்.

நம் இருளர் பெண்கள் வலை போடுவதில்லை. தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் பறிக்கூடையில் போடுவார்கள். இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாமல், மூத்த அம்மா ஒருவர் வரைபடத்தின் மேலேயே குந்தி, முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் காகிதத்தைத் தடவிக் காட்டினார். "படிக்கட்டு கட்டுனா பாசி புடிச்சு வழுக்கும்பா. சரிவா வுடு, போதும்" என்றார். வடிவமைப்பாளர் தம்பி அங்கேயே பென்சிலால் வேலியை அடித்தார்.

இப்போது மண் சரிவு ஒன்று முடிந்திருக்கிறது. அலையாத்தி நடுவதில் முதல் முறை தவறு நம்முடையது: கடல் ஏற்றத் தண்ணீர் எட்டாத மேட்டில், அதுவும் சாம்பல் படிந்த மண்ணில் நட்டோம், அத்தனையும் கருகின. "நண்டு வளை இருக்குற எடத்துல வை" என்று அதே அம்மா சொன்னபடி இரண்டாம் முறை நட்டவை துளிர்த்திருக்கின்றன.

ஆஸ்திரேலியாவில் கண்டிஜ்மாரா மக்கள் விலாங்கு பிடிக்க எரிமலைப் பாறையில் அமைத்த கால்வாய்கள் 6,600 ஆண்டுப் பழமையானவை என்றும், அந்த நிலத்தை 2019இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது என்றும் வடிவமைப்பாளர் தம்பி சொன்னார். அவர்களுக்குக் கல் சாட்சி இருக்கிறது. சேற்றில் தடவியவர்களுக்கு என்ன சாட்சி? அதனால்தான் பெண்கள் சொல்லச் சொல்ல, ஆற்றின் ஒவ்வொரு மடுவுக்கும் திட்டுக்கும் அவர்கள் வழங்கும் பெயரை வரைபடத்தில் எழுதவைத்தோம்.

இதெல்லாம் இறாலைக் கொண்டுவந்துவிடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆற்றில் வந்த ஆலை எண்ணெய்க்குப் பிறகு பிடிப்பு இன்னும் சரியாகவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த காக்கா ஆழி என்னும் சிப்பி வேறு சேற்றை மூடிக் கிடக்கிறது. தடவினால் கை கிழிகிறது. இரண்டைப் பற்றியும் மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை.

இரண்டாவது சரிவை மழைக்கு முன் முடிக்க வேண்டும். வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு ஞாயிறு காலை தண்ணீர் வற்றும் நேரத்துக்கு வந்துவிடுங்கள். சந்தா பாக்கி உள்ளவர்கள் அன்றே கொடுத்துவிட்டால் பொருளாளர் வீடு வீடாக அலைய வேண்டியிருக்காது.

செயலாளர்