ஆயில் சீல் மட்டும் மாற்றினால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு தினமும் 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கில்தான் போய்வருகிறேன். முன் ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பரில், ஆயில் கசிகிறது என்று கொண்டுபோனால் மெக்கானிக்குகள் ஒரே வருடத்தில் மூன்று தடவை சீல் (ஆயிலை வெளியே விடாத ரப்பர் வளையம்) மாற்றிக் கொடுத்தார்கள், ஒருவர்கூட ஃபோர்க் பைப்பைத் தடவிப் பார்க்கவில்லை. நானே நகத்தால் வருடினேன். சீல் ஏறி இறங்குகிற இடத்தில் துரு அரித்த சின்னக் குழி, நகம் தட்டியது. அதுதான் புது சீலின் உதட்டையும் (உள்விளிம்பையும்) கிழிக்கிறது. பைப்புக்கு ஹார்டு குரோம் என்கிற கெட்டியான உலோகப் பூச்சு பூசி கிரைண்டிங் செய்யணும் (வழவழப்பாகத் தேய்க்கணும்), இல்லையென்றால் புது பைப் போடணும், அப்புறம்தான் சீல். கசிந்த ஆயில் பிரேக் டிரம்முக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. திருநெல்வேலி பேட்டை அரசு ஐடிஐயில் நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கு இதற்கென்று ஒரு குறுகிய காலப் பயிற்சி வைக்க வேண்டும்.

வாசகர், அம்பாசமுத்திரம்