காற்றுக்கும் ஒரு நாள் ஒதுக்கச் சொல்லுங்கள்

தமிழில் பயண வீடியோ போடும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். உங்களைப் பார்த்துத்தான் நான் கிளம்பினேன். ஐம்பத்திரண்டு வயதில், முதுகில் எட்டுக் கிலோ பையோடு, அக்கா மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிரேக்கத் தீவுகளைப் பார்த்து வரலாம் என்ற துணிச்சல் உங்கள் வீடியோக்கள் கொடுத்தது. அந்த நன்றி என்றும் உண்டு. அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்: "ஒன்பது நாளில் ஐந்து தீவு" என்று திட்டம் சொல்லும்போது, கப்பல் ஓடாத நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எங்கள் திட்டமும் அந்த ஒன்பது நாள் திட்டம்தான். பாரோஸ், நக்சோஸ், கூஃபோனீசியா, அமோர்கோஸ், கடைசியில் சான்டோரினி. அங்கிருந்து இரவுக் கப்பலில் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸுக்கு வந்து, இறங்கிய கையோடு விமானம். மாதம் ஆகஸ்ட். தாளில் பார்த்தால் ஒரு மணி நேரம்கூட வீணாகவில்லை.

ஆறாம் நாள் காலை அமோர்கோஸின் கத்தபோலா துறைமுகத்தில் பையோடு போய் நின்றோம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. நமக்குப் புயல் என்றால் வானம் கறுக்க வேண்டும், மழை கொட்ட வேண்டும், துறைமுகத்தில் கூண்டு ஏற்ற வேண்டும். அங்கே வெயில் பளீரென்று அடித்தது. ஆனால் தலையில் தொப்பி நிற்கவில்லை. வளைகுடாவின் வாய்க்கு வெளியே கடல் முழுக்க வெள்ளை நுரை. காபிக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் எங்கள் பைகளைப் பார்த்துவிட்டு, விரல்களில் எட்டு காட்டி, "ஒக்தோ போஃபோர்" என்றார். காற்றின் வலுவைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் எட்டு என்று பொருள். பிறகு "அபகோரெஃப்திகோ" என்றார். கப்பல் கிளம்பத் தடை என்று பொருள். அந்தத் தீவுகளில் குழந்தைகளுக்கும் தெரிந்த சொற்கள் இவை. நான் பார்த்த வீடியோ ஒன்றிலும் இவற்றைக் கேட்டதில்லை.

காற்றின் பெயர் மெல்தெமி. கோடைதோறும் தவறாமல் வருவதால், 'ஆண்டுதோறும் வருவது' என்ற பொருளிலேயே பழைய கிரேக்கர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் அதற்கு வலு அதிகம். பால்கன் நாடுகளின் மேல் உயர் அழுத்தம், வெயிலில் காயும் துருக்கியின் மேல் தாழ்வழுத்தம். இரண்டுக்கும் நடுவே ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து காற்று பாய்கிறது. அந்தத் தாழ்வழுத்தம், நமக்குத் தென்மேற்குப் பருவமழையை இழுத்து வரும் ஆசியத் தாழ்வழுத்தத்தின் மேற்கு நுனி என்று பிறகு படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் நான். அதே ஆடியில் அதன் உடன்பிறப்பின் கையில் அகப்பட்டிருந்தேன்.

போஃபோர்ட் அளவில் 8 என்றால் மணிக்கு 62 முதல் 74 கிலோமீட்டர் வேகம். பெரிய கப்பல்களைப் பொதுவாக அந்த அளவில் நிறுத்திவிடுகிறார்கள். நம் கட்டுமரத்தின் பெயரைச் சுமக்கும் 'கட்டமரான்' அதிவேகப் படகுகள் அதற்கு முன்பே நின்றுவிடும். எங்கள் டிக்கெட் எல்லாமே அதிவேகப் படகில்தான், நேரம் மிச்சமாகும் என்று. மெதுவாகப் போகும் பெரிய கப்பலின் மேல்தளத்தில் காசும் குறைவு, காற்றையும் அது கூடுதலாகத் தாங்கும். இதை எங்களுக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மூன்று நாள் கப்பல் இல்லை. என் அக்கா மகனுக்கு இருபத்து மூன்று வயது, முதல் வெளிநாட்டுப் பயணம். முதல் நாள் இரவு அவன் தூங்கவே இல்லை. கடல் அவனைப் பயமுறுத்தவில்லை. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த ஷெங்கன் விசாதான் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) பயமுறுத்தியது. எங்களுக்குக் கிடைத்தது பன்னிரண்டு நாள். இதைத்தான் நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கப்பல் நின்றால் கூடுதலாக இரண்டு நாள் கடல் குளியல். நம் பிள்ளைகளுக்கு நாள் எண்ணும் கலக்கம். விசாவில் 'இந்தத் தேதி வரை' என்று தள்ளிப் போட்டிருந்தாலும், தங்கலாம் என்று எழுதிய நாள் கணக்குதான் கணக்கு. போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேரும். நம் கைமீறிய காரணத்தால் மாட்டிக்கொண்டால் கட்டணம் இல்லாமல் நீட்டித்துத் தர ஐரோப்பிய விசா விதியில் இடம் உண்டு. ஆனால் விசா முடிவதற்குள் அங்குள்ள அதிகாரிகளிடம் கேட்டாக வேண்டும். ஆகவே விண்ணப்பிக்கும்போதே இரண்டு மூன்று நாள் கூட்டிக் கேட்கச் சொல்லுங்கள். காப்பீடும் அந்த நாள்களுக்குச் சேர்த்தே இருக்கட்டும்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கப்பலை ரத்து செய்தால் டிக்கெட் பணம் திரும்ப வர வேண்டும், அல்லது வேறு கப்பலில் இடம் தர வேண்டும். இது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். எங்களுக்கும் வந்தது. வானிலையால் ரத்தானால் தங்கும் செலவை மட்டும் அவர்கள் தர வேண்டியதில்லை. சான்டோரினி அறைக்குக் கட்டியதும் விமான டிக்கெட்டும் போனது போனதுதான்.

கத்தபோலாவில் எங்களுக்கு அறை கொடுத்த அம்மா, அடுத்த ஆள் வந்துவிடுவாரே என்று நான் கேட்டதற்குக் கடலைக் காட்டினார். அந்தக் கட்டிலுக்கு முன்பதிவு செய்தவரும் எங்கோ ஒரு தீவில் மாட்டியிருப்பார். நான் பதறியது வீண் என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டாம் நாள் மேலே மலைக்கு நடந்து பழைய மினோவா ஊரின் இடிபாடுகளைப் பார்த்தோம். அதற்கடுத்த நாள், செங்குத்துப் பாறையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஹோசோவியோத்திஸ்ஸா மடத்துக்குப் படியேறினோம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் அங்கே. என் துப்பட்டா உதவியது. திரும்பி வரும்போது மளிகைக் கடையில் தக்காளித் தட்டு காலி. காய்கறி லாரியும் கப்பலில்தானே வர வேண்டும். ஏதென்ஸ் மருத்துவமனைக்குப் போக வேண்டிய பாட்டி ஒருவர் வாசலில் துணிப்பையோடு காத்திருந்தார். அவரிடம் ஒரு முணுமுணுப்பும் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு அந்த ஊர்க்காரர்களிடம் காரணம் இருக்கிறது. 2000 செப்டம்பர் 26 இரவு, பலத்த காற்றில், 'எக்ஸ்பிரஸ் சமினா' என்ற கப்பல் பாரோஸுக்கு அருகே பாறையில் மோதி மூழ்கியது. 80 பேருக்கு மேல் இறந்தார்கள். பாரோஸ் மீனவர்கள் தங்கள் படகுகளில் போய்ப் பலரைக் கரைசேர்த்தார்கள். தீவின் துறைமுக அதிகாரி அன்றிரவே மாரடைப்பில் இறந்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் அக்கா மகனும் அந்தத் தடையைத் திட்டவில்லை.

ஒன்பதாம் நாள் இரவு பெரிய கப்பல் வந்தது. பத்தாம் நாள் காலை பிரேயஸில் இறங்கும்போது எங்கள் விமானம் கிளம்பிவிட்டிருந்தது. வேறு டிக்கெட் வாங்கிப் பதினோராம் நாள் ஏறினோம்.

அடுத்த முறை நீங்கள் அங்கே போகும்போது காற்று வந்தால், தயவுசெய்து கேமராவை அணைக்காதீர்கள். கண்ணாடியில் ஒட்டிய அறிவிப்பு, காலித் தட்டு, காபிக்கடையில் "எத்தனை போஃபோர்?" என்று விசாரிக்கும் முகங்கள், எல்லாவற்றையும் காட்டுங்கள். கடைசி இரவைத் தீவில் வைக்காமல் ஏதென்ஸில் வைக்கச் சொல்லுங்கள். ஐந்து தீவை மூன்றாக்கச் சொல்லுங்கள். அப்படி ஒரு வீடியோ போட்டால் முதலில் எனக்குத்தான் வேண்டும். என் அக்கா மகள் வருகிற ஜூலையில் தோழிகளோடு நக்சோஸ் போகிறாள்.

அன்புடன்,
உங்கள் வீடியோக்களைத் தவறாமல் பார்க்கும் ஒரு சித்தி