ரெண்டே கால் கிரவுண்டு

தண்டையார்பேட்டை
ஞாயிறு, மத்தியானம்

சேகர்,

உன் பெண் கல்யாணத்துக்கு வராதவன் எழுதுகிறேன். திட்டுகளை மொத்தமாகச் சேர்த்து வை, நேரில் வாங்கிக்கொள்கிறேன். அம்மா நன்றாக இருக்கிறாள், முழங்கால் மட்டும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. நாம் குடை வாங்கித் திருப்பிக் கொடுக்காத குடைக்காரரைப் போன மாதம் பேங்கில் பார்த்தேன். உன்னை விசாரித்தார். குடையை விசாரிக்கவில்லை!

விஷயம் வீடு. பின்கட்டு அறையைத் திருத்தலாம் என்று இறங்கினேன். போன மே மாதம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு ஃபேன் நின்றுவிட்டது. ஸ்டூல் போட்டு ஏறி, பிடிமானத்துக்குச் சீலிங்கில் கை வைத்தேன். தோசைக்கல்லை இறக்கிக் கொஞ்ச நேரம் ஆனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அதுக்குக் கீழேதான் அம்மா படுத்திருந்தாள், ஈரத்துண்டை மார்பில் போட்டுக்கொண்டு.

காண்டிராக்டர் ஒருவர் வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, “இப்ப சென்ட்ரல் கவர்ன்மென்ட் ரூல் சார், ஈகோ நிவாஸ் சம்ஹிதா. கூரைக்கு இன்சுலேஷன், ஜன்னலுக்கு டபுள் கண்ணாடி, எல்லாம் போட்டாத்தான் விடுவாங்க. இல்லன்னா கரண்டு கனெக்‌ஷனே கட்” என்றார். நாலு லட்சத்து எண்பதாயிரம். “என்னடா, சம்ஹாரமா?” என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள். எனக்குப் பத்து நாள் தூக்கமில்லை.

அப்புறம் தங்கை பையன் வந்து உட்கார்ந்து அந்த விதியைப் பிரித்தான். விதி இருப்பது நிஜம். மத்திய எரிசக்தித் திறன் பணியகம் 2018 டிசம்பரில் வெளியிட்டது. ஆனால் அந்த 2018 விதியில் மனை 500 சதுர மீட்டராவது இருந்தால்தான் அந்தப் பேச்சே. அதாவது, கிரவுண்டுக்கு 2400 சதுர அடி என்று வைத்தால், ரெண்டே கால் கிரவுண்டு. நம் தெருவில் யாரிடம்டா ரெண்டே கால் கிரவுண்டு இருக்கிறது? எனக்கு அரை. காண்டிராக்டருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். டீ காசு தண்டம்.

ஆனால் பார், நமக்கில்லை என்று தெரிந்த பிறகுதான் அதை உட்கார்ந்து படிக்கவே தோன்றியது. கூரைக்கு ஒரு எண் வைத்திருக்கிறார்கள், 1.2. வெளியே உள்ளே ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக 1.2 வாட்டுக்கு மேல் சூடு இறங்கக்கூடாது. வெறும் கான்கிரீட் தளம் 3-ஐத் தாண்டுகிறது. முன்கட்டில் அப்பா காலத்து மெட்ராஸ் ஒட்டு இருக்கிறதே, தேக்குக் கட்டைமேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி இடித்து, மேலே தட்டோடு பதித்தது, அது பையன் கணக்கில் 2-க்குப் பக்கத்தில் வருகிறது. அதுவும் பாஸ் இல்லை. ஆனால் நம் கணக்கு வாத்தியார் கருணை மார்க் போடுவார்.

1996-ல் பின்கட்டு கட்டும்போது “ஒட்டெல்லாம் எதுக்குடா, கான்கிரீட் போடு, நூறு வருஷம் நிக்கும்” என்று சொன்னவன் யார் என்று நான் சொல்ல மாட்டேன். நிற்கிறது, நிற்கத்தான் செய்கிறது. மேலே சுருக்கி, அதாவது வெயில் தாங்கச் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துப் போடுகிற தளம், அதுக்கு வைத்திருந்த பணத்தில்தான் நாம் கொடைக்கானல் போனோம், ஞாபகம் இருக்கா? வெறும் சிமென்ட் பூச்சோடு விட்டேன். அப்பா போனதிலிருந்து அம்மா அந்த அறையில் இருக்கிறாள், பாத்ரூம் பக்கம் என்று. இத்தனை கோடையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கொடைக்கானல் சமாசாரத்தை அவளிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் உளறாதே.

ஜன்னல் இன்னொரு கூத்து. நம் ஊர் மாதிரிப் புழுக்கமான இடத்தில், வீட்டுத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வெளிப்பக்கம் திறக்க வேண்டுமாம். வாசல் கதவையும் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு உள்ளே 600 சதுர அடி, ஆக 100 வேண்டும். டேப்பை எடுத்து அளந்தேன், 41 தேறியது. ஆசைப்பட்டுப் போட்ட ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும், பாதிதான் கணக்கு. பக்கத்து வீட்டுச் சுவர் இரண்டடியில். அதையும் மீறித் திறந்தால் ஜன்னல் திட்டில் கறுப்புத் தூசி. விரலால் இழுத்தால் கோடு விழும். ஊருக்கெல்லாம் எண்ணூர்ப் பக்கம் வல்லூரிலும் அத்திப்பட்டிலும் நிலக்கரி எரித்துக் கரண்டு கொடுக்கிறோம், கரண்டு அந்தப் பக்கம் போகிறது, இது இங்கேயே இறங்குகிறது. இந்தச் சங்கதி அந்த விதியில் இல்லை.

சரி, முடிவு செய்தாகிவிட்டது. தளத்துக்கு மேல் ஒன்றரை அங்குல இன்சுலேஷன் பலகை, அதன்மேல் சிமென்ட், மேலே வெள்ளை ஓடு. அதில் 1.2 என்ன, அதற்கும் கீழேயே போய்விடுமாம். ஸ்லைடிங்கைக் கழற்றிவிட்டு இரட்டைக் கதவு ஜன்னல், கம்பி வலையோடு, கிழக்குப் பக்கம். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வரும், காசிமேட்டு மீன் வாசனையும் கூடவே வரும், வரட்டும். எழுபத்தைந்து வாட் ஃபேனை எடுத்துவிட்டு முப்பது வாட்டில் ஓடுகிற புது ரகம் வாங்கிவிட்டேன். சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று அம்மா நாலு தரம் கேட்டாள்.

புதன்கிழமை ஆள் வருகிறார்கள். உன் மச்சான் கடையில் வெள்ளை ஓடு இன்னும் விற்கிறானா? 160 சதுர அடிக்கு என்ன விலை என்று கேட்டுச் சொல், கொடைக்கானல் பாக்கியைக் கழித்துக்கொண்டு. கல்யாண ஆல்பத்தையும் அனுப்பு, அம்மா தினமும் கேட்கிறாள்.

உன்,
மூர்த்தி