பதிவேட்டின் நான்காம் பத்தி

சென்னை,
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்தது. எலும்பு அறுவைத் துறையின் முதுநிலை மாணவர்களுக்கு ஆராய்ச்சி சொல்லிக்கொடுப்பதாக நான் எழுதியிருந்ததைப் பிடித்துக்கொண்டு, "ஆராய்ச்சியா, ஆய்வேடா?" என்று கேட்டிருக்கிறாய். நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் குத்துவதற்கு உனக்கு உரிமை உண்டு. விடுதியில் என் ஆய்வேட்டின் அட்டவணைகளுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொடுத்தவன் நீதானே.

அந்த ஆய்வேட்டைப் போன மாதம் அலமாரியிலிருந்து எடுத்துப் படித்தேன். தொடை எலும்பு முறிவுக்கு, எலும்புக்குள் செலுத்தித் திருகாணியால் பூட்டும் கம்பியான இன்டர்லாக்கிங் நெயில் பொருத்தப்பட்டவர்கள் 30 பேர். அவர்களில் 22 பேருக்கு 'மிக நன்று' என்று தரம் போட்டிருக்கிறேன். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தவர்கள் 17 பேர்தான் என்பது உனக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். வராதவர்களுக்கு, கடைசி எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவந்ததைப் பார்த்து நானே தரம் கொடுத்தேன். வழிகாட்டியும் கேட்கவில்லை, தேர்வாளரும் கேட்கவில்லை.

இதை இப்போது கிளறியதற்குக் காரணம் ஒரு பூக்கார அம்மா. தொடை எலும்பின் கழுத்து முறிந்து வந்தவருக்கு முதலமைச்சர் காப்பீட்டில் செயற்கை இடுப்பு மூட்டு வைத்தோம். ஓராண்டு கழித்து ஓ.பி.க்கு வந்தபோது என் மாணவர் கணக்குப் போட்டு, இடுப்பு மூட்டுக்கான ஹாரிஸ் மதிப்பெண் 91 என்று மலர்ந்த முகத்தோடு காட்டினார். 90-க்கு மேல் என்றால் 'மிக நன்று'. அந்த அம்மா, "நல்லாத்தான் நடக்கிறேன் சார். ஆனா கீழே உட்காரக் கூடாதுன்னு சொல்லிட்டீங்களே, தரையில கூடையை வெச்சு எப்படிப் பூக்கட்டி விக்கிறது? இடத்தைப் பக்கத்துக் கடைக்காரிக்கே விட்டுட்டேன்" என்றார். ஹாரிஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1969-இல் வகுத்த அந்த அளவுகோல், நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, படி ஏற முடிகிறதா, காலுறையும் காலணியும் அணிய முடிகிறதா, பேருந்தில் ஏற முடிகிறதா என்றெல்லாம் கேட்கிறது. சம்மணம் போட முடிகிறதா என்று கேட்பதில்லை. அவர் ஊருக்கு அது தேவைப்படவில்லை. ஐம்பது ஆண்டுகளாக அதை அப்படியே எடுத்தாண்டு கொண்டிருப்பவர்கள் நாம்தான்.

மாணவர்களின் செயல்முறைப் பதிவேட்டில் மூன்று பத்திகள் உண்டு: பார்த்தது, உதவியது, தானே செய்தது. என் யூனிட்டில் நான்காவதாக ஒன்று சேர்க்கச் சொன்னேன்: ஓராண்டுக்குப் பின் அந்த நோயாளி என்ன ஆனார்? இது என் கண்டுபிடிப்பு அன்று. பாஸ்டனில் காட்மன் என்ற தோள்மூட்டு மருத்துவர், மருத்துவமனை ஒவ்வொரு நோயாளியையும் சிகிச்சையின் பலன் தெரியும்வரை பின்தொடர வேண்டும் என்று நூறாண்டுக்கு முன்பே வாதாடினார். அவர் பேச்சை ஏற்காத பெரிய மருத்துவமனையை விட்டு 1914-இல் விலகிய பிறகு, தம்முடைய சிறிய மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்றுச் சென்ற 337 பேரின் கணக்கையும், அதில் நேர்ந்த 123 பிழைகளையும் அச்சிட்டே வெளியிட்டார். சக மருத்துவர்கள் அவரை ஒதுக்கினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் பத்தி ஆராய்ச்சிக்காகத்தான் என்று முதலில் நினைத்தேன். அறுவைப் பயிற்சிக்கும் அதுவே பெரிதும் உதவுகிறது. தொடை எலும்பின் உட்குழியை அகலப்படுத்தும் ரீமர் குறுகலான இடத்தைத் தொடும்போது கைக்குத் தெரிகிற அதிர்வையும், சி-ஆர்ம் என்ற தியேட்டர் எக்ஸ்ரே கருவியில் நெயிலின் துளை முழுவட்டமாகத் தெரியும்வரை பொறுத்திருந்து கீழ்த்திருகாணி போடுவதையும் தியேட்டரில் நின்று கற்றுக்கொள்ளலாம். ஆனால் முறிந்த எலும்பு சுழன்ற நிலையில் கூடிவிட்டால், வழக்கமாக எடுக்கும் எக்ஸ்ரேயில் அது எளிதில் கண்ணில் படுவதில்லை. நோயாளி பாதம் வெளிப்புறம் திரும்ப நடந்து வரும்போதுதான் தெரியும். தான் நெயில் போட்ட இளைஞர் ஒருவர் அப்படி நடந்து வருவதைக் கண்ட மாணவி, தன் அடுத்த அறுவையில் முதல் வேலையாக, முழங்கால் சிப்பி நேராகப் பார்க்க வைத்து, நல்ல காலில் தொடை எலும்பின் மேற்பகுதியில் உட்புறம் உள்ள புடைப்பான சிறு ட்ரோகாண்டரின் நிழலை சி-ஆர்மில் பதிந்துகொண்டு, முறிந்த காலிலும் சிப்பியை அதே நிலையில் வைத்து, அதே வடிவம் வரும்வரை எலும்பின் மேல்துண்டைத் திருப்பிப் பார்த்தாள். இந்தப் பாடத்தை நான் மூன்று ஆண்டுகளாக வகுப்பில் நடத்திக்கொண்டிருக்கிறேன், யாரும் செய்ததில்லை.

சிக்கல், நோயாளியை வரவழைப்பதில் இருக்கிறது. ஊன்றுகோலோடு விடிகாலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கி, மாநகரப் பேருந்து மாறி, ஒரு நாள் கூலியை இழந்து, "நன்றாக இருக்கிறீர்களா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல யார் வருவார்கள்? ஆகவே, முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற விதியைப் பயன்படுத்திக்கொண்டோம். கடலூருக்குப் போகிற மாணவர் அந்த வட்டாரத்திலிருந்து நம்மிடம் வந்து போனவர்களின் பட்டியலை எடுத்துச் சென்று, அங்கேயே அழைத்துப் பார்த்துவிட்டு வருகிறார். பாதிப் பேரின் தொலைபேசி எண் மாறிவிட்டிருக்கிறது. இனி அண்டை வீட்டார் எண்ணையும் சேர்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

இதில் ஆராய்ச்சி எங்கே என்று மறுபடியும் கேட்பாய். தோல் கிழிந்த திறந்த எலும்பு முறிவுகளைத் தரம் பிரிக்கும் கஸ்டிலோ வகைப்பாட்டில் 3பி என்று ஒரே பெட்டிக்குள் போடப்படும் கால்களில் எதைக் காப்பாற்றலாம், எதை நீக்க வேண்டியிருக்கும் என்று பிரித்துச் சொல்ல, கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் ராஜசேகரனும் அவர் குழுவினரும் 2006-இல் வெளியிட்ட மதிப்பெண் முறையை எண்ணிப் பார். தோல், எலும்பு, தசை-தசைநார்-நரம்பு என்று தனித்தனியே மதிப்பிட்டு, 14-உம் அதற்குக் கீழும் என்றால் காப்பாற்ற முயலலாம், 17-உம் மேலும் என்றால் பெரும்பாலும் காலை நீக்க நேரும் என்று அவர்களால் சொல்ல முடிந்தது, தாங்கள் சிகிச்சை செய்த கால்கள் கடைசியில் என்னவாயின என்று விடாமல் கணக்கு வைத்திருந்ததால்தான். கால்கள் நம்மிடம் அவர்களைவிடக் குறைவாக வரவில்லை.

இத்துடன் ஒரு தாள் இணைத்திருக்கிறேன். உங்கள் மாவட்டத்துக்காரர்கள் நான்கு பேர். இரண்டு இடுப்பு, இரண்டு தொடை. உன் கிளினிக்குக்கு அழைத்துப் பார்த்து, மூட்டு அசைவையும் கால் நீளத்தையும் அளந்து எழுது. தரையில் உட்கார முடிகிறதா என்பதை மறக்காமல் கேள். இரண்டாவது பெயர்க்காரருக்கு நெயில் போட்டவன் நான்; அவர் கோபமாகப் பேசினால் அதையும் அப்படியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்