தரங்கம்பாடி போய் வந்து எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகத் தரங்கம்பாடி போய் வந்தோம். கும்பகோணத்தில் வேன் ஏறியதிலிருந்து "கடலைப் பார்க்க இவ்வளவு தூரமா" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்த அப்பாயி, மாசிலாமணிநாதர் கோயிலைக் கண்டதும் அடங்கிவிட்டார். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. "சாமியே அலைக்கு இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறார்" என்றார்.

டேனிஷ் கோட்டையைத் தம்பி நிறையப் படம் பிடித்திருக்கிறான், அனுப்புவான். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு கட்டினார்கள், 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. நான் போனது ஜெர்மனியிலிருந்து வந்த கிறித்தவ மதபோதகர் சீகன்பால்குவுக்காக.

நீ இருக்கும் லைப்சிக்குக்குப் பக்கத்து ஊரில், ஹாலேயில் படித்தவர்தான். 1706 ஜூலை 9 அன்று இந்தக் கரையில் இறங்கினார். மறுநாள் அவருக்கு 24 வயது. திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்திருக்கிறார். கோட்டைத் தளபதிக்கும் அவருக்கும் ஆகவில்லை. நான்கு மாதம் சிறையில் போட்டுவிட்டார்கள்.

இருபத்தெட்டு வருடம் ஈய எழுத்துப் பொறுக்கிய கை என்னுடையது, அவருடைய அச்சுக்கூடக் கதையைச் சொல்லாமல் விடுவேனா? ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிய அளவு. பெரிய எழுத்து காகிதத்தைத் தின்றுவிடும். காகிதமோ கப்பலில் வர வேண்டும். அதனால் இங்கேயே சிறிய எழுத்து வார்த்துக்கொண்டார்கள். பொறையாற்றில் காகிதம் செய்யவும் ஓர் ஆலை வைத்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப் பட்டறை என்று பேர். 1715-இல் புதிய ஏற்பாடு முழுதாக அச்சாகிவிட்டது. வேறு எந்த இந்திய மொழியிலும் அதுவரை அது அச்சில் வந்ததில்லை. தமிழின் முதல் அச்சுப் புத்தகமே இதுதான் என்று அங்கே ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டேன். உன் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் முடிந்தது. அடுத்த பிப்ரவரியில் இறந்துவிட்டார். வயது 36. அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம். அப்பாயி வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்கு அம்மா இருந்தாளா?" என்று கேட்டார். சிறு வயதிலேயே தாய் தகப்பன் இருவரும் போய்விட்டார்கள் என்றேன். வேனில் திரும்பும்போது உன்னைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார்.

லைப்சிக்கிலிருந்து ஹாலே ரயிலில் அரை மணி நேரம்தான் என்கிறான் தம்பி. அங்கே பிராங்கே நிறுவன ஆவணக் காப்பகத்தில் இங்கிருந்து போன பனையோலைச் சுவடிகள் இருக்கின்றன. லீவு கிடைக்கிற ஒரு நாள் போய் விசாரி. கடையில் ஜெர்மனில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது, வாயைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது என்று போனில் சொன்னாயே. சுவடி எங்கே என்று ஜெர்மனிலேயே கேள். அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறினாலும் நீ மாறாதே.

அன்புடன்,
அப்பா