ஒல்வேராவிலிருந்து அல்மார்ஹென் ரயில் நிலையம் வரை பசுமைப் பாதையை நீட்டக் கோரும் மனு

அனுப்புநர்:
ஒல்வேராவில் சைக்கிள் கடை நடத்துபவர்,
ஒல்வேரா, கொரிப்பே, புவெர்த்தோ செர்ரானோ ஊர்களின் சைக்கிள் ஓட்டிகள் சார்பில்,
காதிஸ், செவில்லா மாகாணங்கள், ஸ்பெயின்.

பெறுநர்:
போக்குவரத்து, கட்டமைப்புத் துறை அமைச்சர் அவர்கள்,
அந்தலூசியப் பிராந்திய அரசு,
செவில்லா.

பொருள்: சியர்ரா பசுமைப் பாதையைக் கிழக்கே நீட்டி ரயிலோடு இணைப்பது, பாதையில் நிழலும் குடிநீரும் ஏற்படுத்துவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு வணக்கம்.

கைவிடப்பட்ட ரயில் தடத்தில் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டிகளுக்குமாகப் போட்ட சியர்ரா பசுமைப் பாதை புவெர்த்தோ செர்ரானோவில் தொடங்கி, 36 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வந்து, ஒல்வேராவில் முடிகிறது. 30 சுரங்கங்கள், 4 பெரிய பாலங்கள். எல்லாமே ரயிலுக்காக வெட்டியவை, ரயிலுக்காகக் கட்டியவை. இரண்டு முனைகளிலும் ரயில் நிலையக் கட்டிடங்கள் நிற்கின்றன. அவற்றில் சாப்பிடலாம், தங்கலாம். ரயில் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. இந்தப் பாதையை அல்மார்ஹென் வரை நீட்டி, உண்மையிலேயே ரயில் ஓடுகிற தடத்தோடு சேர்த்துவிடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. இந்த மனுவில் வேறு சில வேண்டுதல்களும் இருக்கின்றன, ஆனால் அவை இதற்கு அடுத்தபடிதான்.

பழைய கதை உங்கள் துறைக்குத் தெரிந்ததே. ஆனாலும் எங்கள் வாதம் அதில்தான் இருக்கிறது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம். ஹெரெஸிலிருந்து அல்மார்ஹென் வரை சுமார் 120 கிலோமீட்டருக்கு ரயில் விடும் திட்டத்தை 1920களில், சர்வாதிகாரி பிரிமோ தெ ரிவேராவின் ஆட்சியில் கையில் எடுத்தார்கள். மேற்கு முனையில் செவில்லா–காதிஸ் ரயில், கிழக்கு முனையில் பொபதில்யா–அல்ஹெசிராஸ் ரயில், நடுவில் வெளியுலகம் எட்டாத மலையூர்கள். கணக்கு சரியான கணக்குத்தான். சுரங்கம் குடைந்தார்கள், பாலம் கட்டினார்கள், நிலையங்களையும் எழுப்பினார்கள். 1936ல் உள்நாட்டுப் போர் வந்தது. அப்புறம் அந்த வேலை முழுமையடையவே இல்லை.

ஸ்பெயினில் கைவிடப்பட்ட ரயில் தடங்களை நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டிகளுக்கும் திறந்துவிடும் பசுமைப் பாதைத் திட்டம் 1993ல் தொடங்கியது. அப்போது ரயில் ஓடாத தடங்கள் நாடு முழுக்க 7,000 கிலோமீட்டருக்கு மேல் கிடந்தன. அவற்றில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் இன்று பசுமைப் பாதைகளாகிவிட்டன. எங்கள் பாதைக்கும் அப்படித்தான் உயிர் வந்தது. அதற்கு நாங்கள் நன்றியோடு இருக்கிறோம். ஆனால் 120 கிலோமீட்டர் திட்டத்தின் நடுத்துண்டை மட்டும் எடுத்துச் சீர்படுத்தியதால், இரு கரையையும் தொடாத பாலம் மாதிரி அது நிற்கிறது.

விளைவை என் கடை வாசலில் நின்றே பார்க்கலாம். வாரக் கடைசி வந்தால் கூரையிலும் முதுகிலும் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு கார்கள் மலையேறி வருகின்றன. ஒல்வேரா உயரத்தில் இருப்பதால் பலரும் இங்கிருந்து இறக்கத்தில் புவெர்த்தோ செர்ரானோவுக்கு ஓட்டிப் போகிறார்கள், காரை எடுக்க வாடகை வண்டியில் திரும்பி வருகிறார்கள். புகையில்லாத பயணத்துக்குப் போட்ட பாதை, கார் இல்லாமல் வர முடியாத பாதையாகிவிட்டது. செவில்லாவில் படிக்கும் மாணவர்களும், விமானத்தில் ஹெரெஸ் வந்து சைக்கிளில் ஊர் சுற்ற நினைக்கும் வெளிநாட்டவர்களும் லாரிகள் ஓடும் ஏ–384 சாலையில்தான் வரவேண்டும். சைக்கிளைத் தாண்டும் வண்டி குறைந்தது ஒன்றரை மீட்டர் விலகிப் போகவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வளைவு நிறைந்த சாலையில், எதிரே லாரி வரும்போது அது எவ்வளவு தூரம் நடக்கும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஏன் அல்மார்ஹென் முதலில் என்று கேட்பீர்கள். ஒல்வேராவிலிருந்து அது சுமார் 25 கிலோமீட்டர்தான். புவெர்த்தோ செர்ரானோவிலிருந்து ஹெரெஸ் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் தூரம். அல்மார்ஹென் வழியே போகும் ரயில் ரோந்தாவைத் தொட்டுக்கொண்டு அல்ஹெசிராஸ் வரை இறங்குகிறது. இந்த இணைப்பு வந்தால் ஒருவர் சைக்கிளோடு ரயிலில் வந்து இறங்கி, வெள்ளைச் சுவர் ஊர்கள் வழியே புவெர்த்தோ செர்ரானோ வரை போய்த் திரும்பலாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அதே பாதையில் போய் ரயில் பிடிக்கலாம். சுற்றுலா என்று மட்டும் இதைப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இதை மாகாண நிர்வாகங்களிடம் கேட்டால் என்ன என்ற கேள்வியும் வரலாம். இப்போதுள்ள பாதையே காதிஸ், செவில்லா என்று இரண்டு மாகாணங்களில் ஓடுகிறது. அல்மார்ஹென் இருப்பது மாலகா மாகாணத்தில். மூன்று மாகாணங்களுக்கும் பொதுவாக இருப்பது உங்கள் அரசுதான். 2014ல் உங்கள் அரசே அந்தலூசிய சைக்கிள் திட்டத்தை ஏற்று, பிராந்தியம் முழுவதற்குமான பாதை வலைப்பின்னலைப் பற்றிப் பேசியது. செவில்லா நகரத்தைப் பாருங்கள். 2006க்குப் பிறகு சில ஆண்டுகளுக்குள் 100 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை போட்டார்கள். அங்கே சைக்கிள் பெருகியதற்கு நீளம் மட்டும் காரணம் இல்லை. ஒன்றோடொன்று சேரும்படி போட்டதுதான் காரணம் என்பது எங்கள் கருத்து. துண்டு துண்டாகப் போட்டிருந்தால் அந்தப் பாதைகளில் இன்று மோட்டார் சைக்கிள்கள்தான் நின்றிருக்கும்.

நிலம் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதுதான் சிக்கலான இடம். ஒல்வேராவுக்குக் கிழக்கே பழைய ரயில் தடத்தின் நிலம் இன்று யார் கையில், எந்த நிலையில் இருக்கிறது என்பதை முதலில் அளந்து வரைபடமாக வெளியிடுங்கள். பணம் ஒதுக்குவதற்கும் முன்னால் செய்யவேண்டியது இது. தடம் ஆலிவ் தோப்புக்குள் கலந்துபோன இடங்களில் உரிமையாளரோடு வழக்காட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. கால்நடைகளை ஓட்டிச் செல்லும் பழைய பொதுவழிகள் நம் நாடெங்கும் இருக்கின்றன. 1995ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டம் அவற்றைப் பிராந்திய அரசுகளின் பொதுச் சொத்தாக வைத்திருப்பதோடு, மந்தைக்கு முதலிடம் கொடுத்து, மோட்டார் இல்லாத வண்டிகளில் அவற்றில் போகவும் இடம் தருகிறது. ரயில் தடம் கிடைக்காத இடத்தில் பாதையை அந்த மந்தை வழிக்குத் திருப்பிவிட்டால் போதும். கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கும், இருக்கட்டும்.

விவசாயிகளின் கவலையையும் சேர்த்தே எழுதுகிறோம். நவம்பரில் ஆலிவ் பறிப்பு தொடங்கிவிட்டால் டிராக்டர்கள் பாதையைக் குறுக்கே கடந்துதான் ஆகவேண்டும். கடக்கும் இடங்களை அவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். தடுப்புக் கம்பி போட்டுவிட்டுப் பிறகு சமாதானம் பேசுவதைவிட அது மலிவு.

அடுத்தது வெயில். 2021 ஆகஸ்டில் கோர்தோபா மாகாணத்தின் லா ராம்பிளாவில் 47.6 டிகிரி பதிவானது. ஸ்பெயினின் உச்ச அளவு அது. எங்கள் மலையில் அவ்வளவு இல்லை என்றாலும், ஜூலை மதியத்தில் சுரங்கத்துக்கும் சுரங்கத்துக்கும் இடையே ஓட்டுவது விளையாட்டுக் காரியம் இல்லை. இன்று இந்தப் பாதையில் கிடைக்கும் நல்ல நிழல் சுரங்கத்துக்குள்தான். உள்ளே நுழைந்ததும் உடம்பு சில்லிடும், அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பின்னால் வருபவருக்கு இருட்டில் அவர்கள் தெரிவதில்லை. ஆகவே வெளியே நிழல் கொடுப்பது உள்ளே பாதுகாப்பு கொடுப்பதற்குச் சமம். கொரிப்பே அருகில் சப்பார்ரோ தெ லா வேகா என்ற ஹோம் ஓக் மரம் நிற்கிறது. இயற்கை நினைவுச் சின்னம் என்று உங்கள் அரசே அறிவித்த மரம். ஊரே திருவிழாவுக்குக் கூடும் அளவுக்கு அதன் நிழல் விரிந்திருக்கிறது. அதே இன மரமும், காட்டு ஆலிவும், கரோப் மரமும் பாதையின் தெற்கு ஓரமாக நட்டால் போதும். முதல் சில கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்றினால் அப்புறம் அவை தாமாகவே பிழைத்துக்கொள்ளும். சீக்கிரம் வளர்கிறது என்று தண்ணீர் குடிக்கும் வெளியூர் மரங்களைக் கொண்டுவந்து வைக்க வேண்டாம். மரம் வளரும் வரை, இடையிடையே ஒரு கூரையும் ஒரு குடிநீர்க் குழாயும் வேண்டும். குழாய் வைத்தால் கோடையில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கும் பொறுப்பும் யாருக்காவது எழுத்தில் இருக்கவேண்டும்.

பாதையோரம் இருக்கும் சாஃப்ராமகோன் பாறையில் கூடு கட்டும் கிரிஃபான் என்ற பிணந்தின்னிக் கழுகுகளைப் பற்றி உங்கள் சுற்றுச்சூழல் துறை எங்களைவிட நன்றாகச் சொல்லும். அந்தலூசியாவின் பெரிய கழுகுக் குடியிருப்புகளில் அது ஒன்று. குளிர்காலத்திலிருந்து கோடை வரை அவை முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வளர்க்கும் காலம். இப்போதுள்ள பாதையில் பழுதுபார்க்கும் வேலை எதுவானாலும் அந்தப் பாறைப் பக்கத்தில் அந்த மாதங்களைத் தவிர்க்கவும். இரவு விளக்கும் அங்கே தேவையில்லை.

ரயில் மத்திய அரசுடையது என்பது தெரியும். அல்மார்ஹெனில் நிற்கும் வண்டிகளில் சைக்கிளுக்கு இன்னும் சில இடங்கள் ஒதுக்கும்படி நீங்கள் பேசினால், நாங்கள் எழுதுவதைவிட அது எடுபடும். ஆனால் பேருந்து உங்கள் கையில்தான் இருக்கிறது. ஊர்களுக்கிடையே ஓடும் பேருந்துகளுக்கான உரிமத்தை உங்கள் அரசுதான் தருகிறது. அடுத்த முறை உரிமம் தரும்போது, எங்கள் மலையூர்களுக்கு வரும் வண்டிகளில் சைக்கிள் மாட்டும் வசதி இருக்கவேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். பாதை போட ஆண்டுகள் ஆகும். இந்த ஒரு வரிக்கு அவ்வளவு காலம் தேவையில்லை.

ஹெரெஸ் வரையிலான மேற்குப் பகுதியை நாங்கள் மறக்கவில்லை. காதிஸில் தொடங்கிக் கிழக்கே மத்தியதரைக் கடல் நாடுகள் வழியே போகும் யூரோவேலோ 8 நெடும்பாதையோடு அது ஒருநாள் சேரவேண்டும். அதை இந்த மனுவோடு கட்டி, இரண்டையும் தாமதப்படுத்த நாங்கள் விரும்பவில்லை.

அரசியல் சாசனத்தின் 29ஆவது பிரிவு தரும் மனு உரிமையின்படியும், 2001ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டத்தின்படியும் இதை அளிக்கிறோம். அந்தச் சட்டம் சொல்லும் 3 மாதக் காலத்துக்குள் பதிலை எதிர்பார்க்கிறோம். நில அளவையை எந்தத் தேதியில் தொடங்குவீர்கள் என்பதாவது அந்தப் பதிலில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒல்வேரா, கொரிப்பே, புவெர்த்தோ செர்ரானோ சைக்கிள் ஓட்டிகள் சார்பில்,
(கையொப்பம்)

இணைப்பு: ஊர்வாரியாகக் கையெழுத்துப் பட்டியல்.