ஆசிரியருக்குக் கடிதம்: மறந்துவிட்டோம் என்று சொன்னது யார்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில், கடந்த பத்து வருட இலங்கை அரசியலை அலசிய கட்டுரையில் ஒரு வரி: “வடபுலத்து மக்கள் இனப்பிரச்சினையை மறந்து பொருளாதாரத்துக்கு வாக்களித்துவிட்டனர்.” முப்பது வருடமாகத் தங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறேன். 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டில் பக்கம் குறைந்து வந்தபோதும் நிறுத்தவில்லை. அந்த உரிமையில் கேட்கிறேன், மறந்துவிட்டோம் என்று தங்களிடம் சொன்னது யார்?

2024 நவம்பரில் யாழ். மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3, அநுரவின் தேசிய மக்கள் சக்தியின் சின்னமான திசைகாட்டிக்குப் போனது உண்மை. ஆனால் அதற்கு விழுந்தது செல்லுபடியான வாக்குகளில் ஏறக்குறைய கால்பங்குதான். மிச்சம் தமிழரசுக் கட்சியின் வீடு, மற்றத் தமிழ்க் கட்சிகளின் சைக்கிள், சங்கு, சுயேச்சை என்று சிதறிப்போனது. தாங்கள் அறியாததல்ல. அந்தக் கால்பங்கில் நானும் ஒருவன். 2004 இலிருந்து பாராளுமன்றத் தேர்தலில் வீட்டைத் தவிர வேறெதற்கும் புள்ளடி போடாத கை இது. கட்சித் தலைவர் தெரிவையே நீதிமன்றப் படியேற்றியவர்கள் மீது வந்த ஆத்திரத்தில் மாற்றிப் போட்டேன். ஆறு மாதம் கழித்து, 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சி மறுபடி முன்னுக்கு வந்ததே, அந்த ஆறு மாதத்தில் எங்களுக்கு ஞாபகம் திரும்பிவிட்டதா?

2015 ஜனவரி 8 ஆம் திகதி விடியவே போய் வரிசையில் நின்று, மகிந்தவை எதிர்த்து நின்ற மைத்திரியின் நல்லாட்சிக்கு வாக்களித்தோம். 2016 க்குள் இனப்பிரச்சினைக்குத் தீர்வு என்றார்கள். 2018 ஒக்டோபர் 26 இல், தான் தோற்கடித்த மகிந்தவையே மைத்திரி பிரதமராக்கியபோது, ஜனநாயகத்தைக் காக்கவென்று எங்கள் உறுப்பினர்கள் பதவி நீக்கப்பட்ட பிரதமர் ரணிலின் பக்கம் நின்றார்கள். அதே மாதம் காலாவதியான வட மாகாண சபைக்கு இன்றுவரை தேர்தல் இல்லை. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மாரில் எத்தனையோ பேர் பதில் தெரியாமலே கண்மூடிவிட்டார்கள்.

பொருளாதாரம் என்கிறீர்கள். நான் தோட்டக்காரன். 2021 இல் இரசாயன உரத்தைத் தடைசெய்த வருடம், ஆறு பரப்புத் தறையில் (தோட்ட நிலத்தில்) வெங்காயம் தாள் பழுத்துச் சாய்ந்தது. முன்பு 1,500 ரூபாவுக்கு வாங்கிய ஒரு அந்தர் (50 கிலோ) யூரியா, தடை நீங்கிய பிறகு 30,000 ரூபாவைத் தாண்டியது. இறைப்பு மெசினுக்கு ஐந்து லீற்றர் மண்ணெண்ணெய் வாங்க, கானை வரிசையில் வைத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தேன். நாடு 2022 இல் கண்ட இந்தக் கஷ்டத்தை 1990 களின் பொருளாதாரத் தடையிலேயே அனுபவித்தவர்கள் நாங்கள். ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரியைச் சின்னதாக்கி, அந்த வெளிச்சத்தில் என் தங்கச்சி சோதனைக்குப் படித்தாள். அது இனப்பிரச்சினையா, பொருளாதாரமா? பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் இறைப்பது குத்தகைத் தறை. சொந்தக் காணி வசாவிளானில் இருக்கிறது. போரில் 1990 இல் விட்டு வந்தோம்; பிறகு அந்த இடம் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயமானது. 2025 ஏப்ரலில், 34 வருடத்துக்குப் பிறகு, பலாலி வீதியின் அந்தத் துண்டைத் திறந்தார்கள். பஸ்ஸில் போகலாம் என்றார்கள். இடையில் நிறுத்தக் கூடாது, நடந்து போகக் கூடாது என்றும் அப்போது சொன்னார்கள். மனைவியோடு யன்னல் பக்கம் இருந்து போனேன். எங்கள் ஒழுங்கை முகப்பு வந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள். பற்றைக்கு மேலே கிணற்றுத் துலாவின் கால் மட்டும் தெரிந்தது. திரும்பிப் பார்க்க முதலே பஸ் கடந்துவிட்டது. அந்தக் காணியின் உறுதிப் பத்திரம் என் ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது. அந்தச் செம்மண்ணில் நான் வெங்காயம் நட்டால் அதைத் தங்கள் கட்டுரையாளர் பொருளாதாரம் என்று எழுதுவாரா, இனப்பிரச்சினை என்று எழுதுவாரா?

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்த வரிக்கு, எந்தப் பக்கத்தின் மூலையிலாவது, ஒரு திருத்தம் போடுங்கள். முடிந்தால் கட்டுரையாளரை ஒரு நாள் அந்தப் பஸ்ஸில் அனுப்பி வையுங்கள். அவர் வருவதானால் கூடவே நானும் ஏறுகிறேன். துலாக்கால் எந்தப் பக்கம் தெரியும் என்று காட்ட ஆள் வேண்டும்.

இங்ஙனம்,
வசாவிளான் தோட்டக்காரன்,
தற்போது உரும்பிராய்